பதினாலு சக்கர லாரிக்கு மேப் போட்டு ஓட்டலாமா?

நாமக்கல்லில் லோடு ஏற்றி மைசூர் போக வேண்டும். வண்டி பதினாலு சக்கரம், டிரைவருக்கு அந்தப் பக்கம் பழக்கமில்லை. போனில் மேப் போட்டுக்கொண்டு போய்விடலாமா, இல்லை லாரிக்கென்றே விற்கும் ஜி.பி.எஸ். கருவி வாங்க வேண்டுமா? இதுதான் கேள்வி.

போனே போதும். ஆனால் எந்த வழியில் போவது என்பதைப் போன் முடிவு செய்யக் கூடாது. அதை வண்டி கிளம்பும் முன்பே நீங்கள் முடிவு செய்து போனுக்குள் ஏற்றிவிட வேண்டும். ஏற்றிய வழியிலிருந்து விலகாமல் டிரைவரைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கு மட்டும் போனை வைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் இப்படி என்றால், ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றிக்கொண்டு தங்கள் நேரத்தையும் தாங்கள் இருக்கும் இடத்தையும் ஓயாமல் அனுப்புகின்றன. குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் சிக்னல் கிடைத்தால் போன் தன் இடத்தைக் கணக்குப் போட்டுக்கொள்ளும். திறந்த வெளியில் சுமார் 5 மீட்டர் முன்னேபின்னே சரியாக இருக்கும். செயற்கைக்கோளின் வேலை அதோடு சரி. எந்தச் சாலையில் போக வேண்டும் என்று சொல்வது மேப் ஆப். அந்த ஆப்புக்கு உங்கள் வண்டி 4 மீட்டர் உயரமா, எத்தனை டன், எத்தனை சக்கரம் என்று எதுவும் தெரியாது. கூகுள் மேப்பில் கார் இருக்கிறது, டூவீலர் இருக்கிறது, லாரி இல்லை. நீங்கள் கார் என்று வைத்துத்தான் அது வழி சொல்கிறது. டிரைவர்கள் மேப்பைக் குறை சொல்லும் பல இடங்களில், மேப் சொன்ன வழி காருக்குச் சரியான வழியாகத்தான் இருக்கும்.

உங்கள் மைசூர் லோடையே பாருங்கள். நாமக்கல், ஈரோடு, சத்தியமங்கலம், திம்பம், சாம்ராஜ்நகர் என்று போனால் ஏறத்தாழ 270 கி.மீ. சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர், பெங்களூருவின் வெளிப்புறம் என்று சுற்றினால் ஏறத்தாழ 400 கி.மீ. கார்க்காரர் திம்பத்தைத்தான் பிடிப்பார், மேப்பும் அதைத்தான் காட்டும். ஆனால் திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள். நீளமான வண்டி திரும்பும்போது பின்சக்கரங்கள் முன்சக்கரம் போன தடத்தில் வராது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். வளைவை முழுசாக எடுக்க எதிர்த்தடத்துக்குள் போக வேண்டியிருக்கும். ஒரு வண்டி வளைவில் மாட்டினால் மேலும் கீழும் வரிசை கட்டி நிற்கும். அதைவிடப் பெரிய விஷயம், சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்துக்குள் போகும் இந்தச் சாலையில் 2022 பிப்ரவரி முதல் இரவுத் தடை அமலில் இருக்கிறது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி வந்த இந்தத் தடையில் சரக்கு வண்டிகளுக்கு மாலை 6 மணி முதல் காலை 6 மணி வரை பாதை கிடையாது. பகலிலும் சக்கர எண்ணிக்கைக்கும் எடைக்கும் கட்டுப்பாடு உண்டு. சாயங்காலம் லோடு முடிந்து கிளம்பிய வண்டியை மலையடிவாரத்தில் இருக்கும் பண்ணாரி சோதனைச்சாவடியில் ஓரங்கட்டி நிறுத்தினால், மிச்சம் பிடிக்க நினைத்த 130 கி.மீ. டீசல் எங்கே போனது என்று தெரியாது. பதினாலு சக்கரத்துக்கு ஓசூர் வழிதான்.

இதேபோல் பந்திப்பூர் வழியாகப் போகும் இரண்டு நெடுஞ்சாலைகளிலும் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை தடை, 2009இலிருந்து. ஊட்டியிலிருந்து மசினகுடிக்குக் குறுக்கே இறங்கும் கல்லட்டி பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள், சரிவும் கடுமை. லோடு வண்டி அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கக் கூடாது, கூடலூர் வழிதான். மேட்டூர், பாலாறு, மாதேஸ்வரன் மலை வழியாகக் கொள்ளேகால் போகும் பாதையையும் மேப் சில நேரம் நீட்டும். அதுவும் மலைப்பாதைதான். தென்னிந்தியாவில் மேற்குப் பக்கம் போகும் எந்த லோடுக்கும் முதலில் கேட்க வேண்டியது, நடுவில் எந்த மலையை எப்படித் தாண்டுகிறோம் என்பதுதான். பாலக்காட்டுக் கணவாய் ஒன்றுதான் கிட்டத்தட்டச் சமதளம். வாளையாறு வழியில் இவ்வளவு லாரி ஓடுவது அதனால்தான்.

வழி போடும் முன் வண்டியின் அளவு கையில் இருக்க வேண்டும். உயரம், நீளம், அகலம், லோடோடு மொத்த எடை, இந்த நான்கையும் ஒரு அட்டையில் எழுதி டேஷ்போர்டில் ஒட்டுங்கள். உயரத்தை மீட்டரிலும் அடியிலும் எழுதுங்கள், பாலத்துப் பலகையில் மீட்டர்தான் இருக்கும். ஆர்.சி. புத்தகத்து அளவை அப்படியே நம்ப வேண்டாம். தார்பாய் போட்டுக் கயிறு கட்டிய பிறகு, மேலே ஒரு நேரான கம்பைக் கிடைமட்டமாக வைத்து அதன் நுனியிலிருந்து தரைக்கு டேப் போட்டு அளக்க வேண்டும். பாடியின் நடுவில் லோடு குவிந்திருந்தால் அந்த இடம்தான் உயரம். இன்னொன்று, காலி வண்டியின் பாடி லோடு வண்டியின் பாடியைவிட உயரமாக நிற்கும். அடியில் இருக்கும் ஸ்பிரிங் பட்டை அமுங்குவதில்லை, பாடி மேலே எழும்பிவிடும். மூடிய கன்டெய்னர் பாடி உள்ள வண்டிகள், லோடோடு நுழைந்த சுரங்கப்பாதையில் திரும்பும்போது கூரை உரசுவது இதனால்தான். எனவே அட்டையில் லோடு உயரம், காலி உயரம் என்று இரண்டையும் எழுதுங்கள்.

சட்டப்படி சாதாரண சரக்கு வண்டிக்கு உயர வரம்பு 4 மீட்டர், கப்பலில் வரும் ஐ.எஸ்.ஓ. கன்டெய்னர் ஏற்றும் டிரெய்லருக்கு 4.52 மீட்டர். அகலம் 2.6 மீட்டர், கண்ணாடிகள் அதற்கு வெளியே. தேசிய நெடுஞ்சாலையின் பெரிய பாலங்களுக்கு அடியில் 5.5 மீட்டர் இடைவெளி விட்டுத்தான் கட்டுகிறார்கள், அங்கே பயமில்லை. ஆபத்து மூன்று இடங்களில். ஒன்று, நாலுவழிச் சாலைக்குக் கீழே ஒரு பக்கத்து ஊரிலிருந்து மறுபக்கம் போகக் கட்டும் சிறு வண்டிச் சுரங்கப்பாதைகள். இவற்றில் பல மூன்றரை மீட்டர், நான்கு மீட்டர்தான். யூ-டர்ன் எடுக்கச் சொல்லும்போது மேப் இதற்குள்தான் அனுப்பும். இரண்டு, ரயில்வே கேட்டை எடுத்துவிட்டுக் கட்டிய சப்வேக்கள். உயரம் குறைவு, உள்ளே வளைவும் இருக்கும், மழை பெய்தால் தண்ணீர் நிற்கும். நுழைவில் உயரத் தடுப்புக் கம்பி இருந்தால் அதன் பலகையைப் படித்துவிட்டுத்தான் நுழைய வேண்டும். மூன்று, ஊர் நுழைவு வளைவு, தாழ்ந்த மின்கம்பி, சாலைக்கு மேல் சாய்ந்த புளியமரக் கிளை, திருவிழாவுக்குக் கட்டிய சீரியல் லைட். இவை எந்த மேப்பிலும் கிடையாது.

இனி வழி போடும் முறை. இதை டிரைவர் கிளம்பும் நேரத்தில் அவசரமாகச் செய்யக் கூடாது. புக்கிங் ஆபீஸில் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து நிதானமாகச் செய்து லிங்க்கை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் டிரைவர் போனில் அதே வழி திறக்கும்.

கிளம்பும் இடம், சேரும் இடம் போட்டதும் மேப் காட்டும் நீலக்கோட்டை ஏற்றுக்கொள்ளாதீர்கள். நடுவில் நிறுத்தங்கள் சேர்த்து அதை உங்கள் வழிக்கு இழுக்க வேண்டும். கூகுள் மேப்பில் ஒன்பது நிறுத்தங்கள் வரை சேர்க்கலாம், நான்கைந்துக்கு மேல் தேவைப்படாது. வழி பிரியும் ஒவ்வொரு இடத்தையும் தாண்டி ஒரு புள்ளி என்பதுதான் கணக்கு. மைசூர் லோடுக்குத் தர்மபுரி பைபாஸில் ஒரு புள்ளி வைத்தால் திம்பமும் மேட்டூர் வழியும் அப்போதே அடிபட்டுப் போகும். தர்மபுரியிலிருந்து பாலக்கோடு, ராயக்கோட்டை வழியாகவும் ஓசூர் போகலாம். கிருஷ்ணகிரி வழிதான் என்று முடிவானால் கிருஷ்ணகிரியைத் தாண்டி ஓசூர் சாலையில் அடுத்த புள்ளி. பெங்களூரு நகருக்குள் நுழையாமல் ஓசூர் சாலையிலிருந்து மைசூர் சாலைக்கு மாற நைஸ் ரோட்டில் ஒன்று. பிறகு ராமநகரத்தைத் தாண்டி எக்ஸ்பிரஸ் சாலையில் ஒன்று.

புள்ளி வைக்கும் இடத்தில்தான் பெரும்பாலோர் தப்பு செய்கிறார்கள். ஊர்ப் பெயரைத் தட்டி நிறுத்தமாகச் சேர்த்தால் மேப் ஊரின் நடுவுக்கு, பஸ் ஸ்டாண்டு பக்கம் கொண்டுபோகும். பைபாஸ் எதற்கு இருக்கிறது? சாட்டிலைட் படத்தைப் போட்டு, நன்றாகப் பெரிதாக்கி, உங்கள் வண்டி போகும் தடத்தின் மேலேயே கிளிக் செய்து புள்ளி வையுங்கள். நடுவில் சுவர் வைத்துப் பிரித்த சாலையில் புள்ளி எதிர்த்தடத்தில் விழுந்துவிட்டால், மேப் உங்களை ஐந்தாறு கிலோமீட்டர் போய் யூ-டர்ன் எடுத்து வரச் சொல்லும். சர்வீஸ் ரோட்டில் விழுந்தால் நெடுஞ்சாலையிலிருந்து இறங்கச் சொல்லும். மேம்பாலத்தின் மேலோ பக்கத்திலோ வைக்கவே வேண்டாம். பாலம் முடிந்து ஒரு கிலோமீட்டர் தள்ளி, வெறும் சாலையாக இருக்கும் இடத்தில் வையுங்கள். வைத்து முடித்ததும் கோடு முழுவதையும் நகர்த்தி ஒருமுறை பாருங்கள். கோட்டில் எங்காவது முள் மாதிரி ஒரு சின்ன நீட்டல் தெரிந்தால் அங்கே புள்ளி தப்பு.

செட்டிங்கில் எரிபொருள் மிச்சமாகும் வழிக்கு முன்னுரிமை என்பதை அணைத்துவிடுங்கள், அது கார் எஞ்சின் கணக்கு. டோல் தவிர்க்கும் வசதியையும் அணையுங்கள். டோல்கேட்டைத் தவிர்க்கச் சொன்னால் மேப் தேடிப் பிடிக்கும் மாற்று வழி பெரும்பாலும் ஊராட்சிச் சாலை. லோடு வண்டிக்கு அங்கே போகும் டயரும் நேரமும் டோல் காசைவிட அதிகம். மேப் காட்டும் டோல் தொகையையும் பார்க்காதீர்கள், அது காருக்கு.

ஓடும்போது, "வேகமான வழி கிடைத்தது, பத்து நிமிடம் மிச்சம்" என்று திரையில் வரும். பேசாமல் விட்டால் சில நொடியில் ஆப் தானே அந்த வழிக்கு மாறிவிடும். வேண்டாம் என்பதைத் தொட வேண்டும், அதையும் கிளீனர்தான் தொட வேண்டும். நிறுத்தப் புள்ளிகள் நெருக்கமாக இருந்தால் இந்தத் தொல்லை குறையும். எந்தப் பக்கம் மாறினாலும் அடுத்த புள்ளிக்கு வந்துதானே ஆக வேண்டும்.

கிளீனர் இல்லாமல் ஒற்றை டிரைவராக ஓடும் வண்டிகள் இப்போது நிறைய. அவர்களுக்கு ஒரு காகிதம் வேண்டும். போன் எதுவும் சொல்லாத விஷயங்களை அதில் எழுதிக் கொடுங்கள்: எத்தனையாவது கிலோமீட்டரில் எந்தப் பிரிவு, எங்கே மேம்பாலத்தில் ஏற வேண்டும், எங்கே ஏறக் கூடாது, எங்கே சரிவு, எங்கே நிறுத்த இடம். பத்து வரிக்கு மேல் வராது.

மேம்பாலம் பற்றி ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், தொழில்நுட்பம் கையை விரிக்கும் இடம் அது. மேம்பாலமும் அதை ஒட்டிய சர்வீஸ் ரோடும் பத்துப் பதினைந்து மீட்டர் இடைவெளியில் ஒரே திசையில் ஓடுகின்றன. போனின் பிழையே 5 மீட்டர். கட்டடம், பாலத் தூண் பக்கம் அது இன்னும் கூடும். நீங்கள் மேலே போகிறீர்களா கீழே போகிறீர்களா என்று பல நேரம் போனுக்கு நிஜமாகவே தெரியாது. கீழே போக வேண்டியவர் மேலே ஏறிவிட்டாலும் திரை ஒன்றும் நடக்காதது மாதிரி காட்டிக்கொண்டிருக்கும். பாலம் முடிந்த பிறகுதான் சுதாரித்து வேறு வழி சொல்லும். காருக்கு அது ஐந்து நிமிட நஷ்டம். 2024இல் கூகுள் மேப் இந்தியாவின் 40 நகரங்களில் மேம்பாலத்தில் ஏறச் சொல்லும் அறிவிப்பைச் சேர்த்தது. சென்னை, கோவை உள்பட 8 நகரங்களில் நான்கு சக்கர வண்டிகளுக்குக் குறுகிய சாலைகளைத் தவிர்க்கவும் ஏற்பாடு செய்தது. உதவிதான். ஆனால் காருக்குக் குறுகலாக இல்லாத சாலை லாரிக்குக் குறுகலாக இருக்கும். அதனால் பாலம் வரும் முன் திரையைப் பார்க்காமல் பச்சைப் பலகையைப் பாருங்கள். பலகையும் மேப்பும் முரண்பட்டால் பலகை சொல்வதே சரி. வேலை நடக்கும் இடத்தில் தடுப்பு வைத்திருந்தால் தடுப்பு சொல்வதே சரி. 2024 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தின் பரேலி பக்கம், கட்டி முடிக்காத பாலத்திலிருந்து கார் ஆற்றுக்குள் விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். மேப்பில் அது முழுப் பாலம்.

அடுத்த இடம், கடைசி இரண்டு கிலோமீட்டர். நெடுஞ்சாலையில் எப்படியும் போய்விடலாம், வண்டி மாட்டுவது பார்ட்டி கோடவுனுக்குப் பக்கத்தில்தான். பார்ட்டி அனுப்பும் லொக்கேஷனை அப்படியே எடுக்கக் கூடாது. அனுப்பியவர் வீட்டிலிருந்தோ ஆபீஸிலிருந்தோ தன் இடத்தைத் தட்டியிருப்பார். லைவ் லொக்கேஷன் அனுப்பினால் அவர் டீ குடிக்கப் போனால் புள்ளியும் கூடவே போகும். போன் போட்டு, "லாரி நுழையும் கேட் எது, அந்தக் கேட் முன்னாடி நின்னு லொக்கேஷன் அனுப்புங்க" என்று கேளுங்கள். ஊர்ப் பெயரை மட்டும் வைத்துத் தேடவே கூடாது. ஒரே மாவட்டத்தில் நான்கு புதூர் இருக்கும். அட்சரேகை, தீர்க்கரேகை எண்ணாக வாங்கினால் தசமப் புள்ளிக்குப் பின் ஐந்து இலக்கம் இருக்கட்டும், அது சுமார் ஒரு மீட்டர் துல்லியம். மூன்று இலக்கத்தோடு நிறுத்தினால் நூறு மீட்டர் தள்ளிப் பக்கத்துத் தெருவில் நிற்பீர்கள்.

கேட் கிடைத்ததும் சாட்டிலைட் படத்தில் பெரிதாக்கிப் பாருங்கள். புள்ளியை அழுத்தினால் வரும் பட்டியலில் தூரம் அளக்கும் வசதி இருக்கிறது. சாலையின் குறுக்கே ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு வைத்து அகலத்தை அளக்கலாம். 5 மீட்டருக்குக் குறைந்த சாலையில் எதிரே ஒரு டிராக்டர் வந்தாலும் இரண்டு வண்டிக்கும் வழி கிடையாது. கடைசித் திருப்பம் செங்குத்தாக இருந்து சாலையும் குறுகலாக இருந்தால் டிரெய்லர் திரும்பாது, வேறு பக்கத்திலிருந்து நுழைய வேண்டும். வீதிப் படம் (ஸ்ட்ரீட் வியூ) இருக்கும் ஊரில் அதைத் திறந்து கம்பியும் வளைவும் எங்கே என்று பாருங்கள். படம் பழையதாக இருக்கலாம், தேதியைக் கவனியுங்கள். இதற்கெல்லாம் பத்து நிமிடம் ஆகும். ஊருக்குள் மாட்டி அரை கிலோமீட்டர் ரிவர்ஸ் எடுப்பதற்கு ஒரு மணி நேரம்.

நகரத்துக்குள் அன்லோடிங் என்றால் நுழைவு நேரம் கேட்டுக்கொள்ளுங்கள். சென்னை, பெங்களூரு, ஹைதராபாத் எல்லாவற்றிலும் கனரக வண்டிக்கு நோ என்ட்ரி நேரங்கள் உண்டு, அவ்வப்போது மாறும், சாலைக்குச் சாலை வேறுபடும். மேப்புக்கு இது தெரியாது. பார்ட்டியிடமோ அந்த ஊர் டிரான்ஸ்போர்ட் ஆபீஸிலோ அன்றைய நிலவரம் கேட்பதுதான் ஒரே வழி.

நேரக் கணக்கு. மேப் காட்டும் நேரம் கார் நேரம். லாரிக்கு வேகக் கட்டுப்பாட்டுக் கருவி 80 கி.மீ.யில் பிடித்துக்கொள்ளும், டேங்கருக்கும் டிப்பருக்கும் 60. மேடு, டோல்கேட் வரிசை, சோதனைச்சாவடி, டயர் தட்டிப் பார்க்க நிறுத்துவது எல்லாம் சேர்த்தால் லோடு வண்டிக்குச் சராசரியாக மணிக்கு 40 கி.மீ. என்று வைத்துக்கொள்வது நல்லது. 400 கி.மீ.க்குப் பத்து மணி நேரம். மேப் ஏழு என்று காட்டியதை வைத்துப் பார்ட்டிக்கு வாக்குக் கொடுத்துவிட்டு டிரைவரை விரட்டாதீர்கள். 2025 நவம்பர் வரை அமலில் இருந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், 1961, நாளுக்கு 8 மணி நேரம்தான் வேலை என்றது. 5 மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து ஓட்டினால் இடையில் அரை மணி ஓய்வும் கொடுக்கச் சொன்னது. பத்து மணி நேர ஓட்டத்துக்கு இரண்டாவது டிரைவர் வேண்டும், இல்லையென்றால் நடுவில் படுக்க இடம் வேண்டும். அந்த இடத்தையும் ஒரு நிறுத்தமாகவே மேப்பில் சேர்த்துவிடுங்கள்.

சரக்கோடு போக வேண்டிய ஜி.எஸ்.டி. மின்னணுச் சீட்டான இ-வே பில்லையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். சாதாரண லோடுக்கு 200 கி.மீ.க்கு ஒரு நாள் செல்லுபடி. அளவு மீறிய சரக்குக்கு 20 கி.மீ.க்கு ஒரு நாள். பின்கோடு வைத்துத் தூரத்தை இ-வே பில் தளமே கணக்கிடும், அதற்கு உங்கள் மலை தெரியாது. நீங்கள் சுற்றிப் போகும் வழி நீளமாக இருந்தால் நாள் போதுமா என்று கிளம்பும் முன்பே பாருங்கள். வழியில் நாள் முடிவதாக இருந்தால், முடியும் நேரத்துக்கு 8 மணி நேரம் முன்பிலிருந்து 8 மணி நேரம் பின்பு வரை நீட்டிக்கலாம். அதற்குப் பிறகு முடியாது.

சரிவு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உயிர் போவது இங்கேதான். மைசூர் போகும்போது தொப்பூர் ஏற்றம். திரும்பி வரும்போது தர்மபுரியிலிருந்து சேலம் பக்கம் இறக்கம். தமிழ்நாட்டில் லாரிகள் அடிக்கடி பிரேக் பிடிக்காமல் போகும் சரிவு அது. மேப்பில் அது மற்ற இடங்களைப் போலவே ஒரு நீலக்கோடு. இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்து, எஞ்சின் புகையை அடைத்து வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போட்டுக்கொள்ள வேண்டும். எந்த கியரில் ஏறுவீர்களோ அந்த கியரில் இறங்குங்கள் என்று பழைய டிரைவர்கள் சொல்வது சரியான கணக்கு. நியூட்ரலில் விட்டால் முழு எடையையும் பிரேக் டிரம்தான் தாங்க வேண்டும். டிரம் சூடாகி லைனிங் பிடிப்பை இழக்கும், மிதிக்க மிதிக்க வண்டி நிற்காது. டீசல் மிச்சம் என்று எஞ்சினையே அணைத்தால் பிரேக்குக்குக் காற்று ஏற்றும் கம்ப்ரசர் நின்று ஏர் இறங்கும், பவர் ஸ்டியரிங்கும் போய்விடும். காகிதத்தில் "தர்மபுரி தாண்டியதும் கியர் குறை" என்று எழுதுங்கள். மேப்பின் குரல் அந்த இடத்தில் நேராகப் போ என்று மட்டும்தான் சொல்லும்.

கருவி விஷயம் சுருக்கமாக. லாரியில் இரண்டு பேட்டரி தொடராக இணைத்து 24 வோல்ட். காருக்கு வாங்கும் 12 வோல்ட் மட்டும் தாங்கும் சார்ஜரைச் செருகினால் கருகிவிடும், போனையும் சேர்த்துக் கெடுக்கலாம். மேலே "12–24 வோல்ட்" என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஸ்டாண்டை நேர் வெயில் படும் இடத்தில் வைத்தால் மதியம் போன் சூடாகித் திரையை மங்கவைத்துக்கொள்ளும், சார்ஜ் ஏற்றுவதையும் நிறுத்தும். ஸ்டியரிங்குக்குப் பக்கவாட்டில், சாலையைப் பார்க்கும் பார்வையை மறைக்காத உயரத்தில் வையுங்கள். கையில் பிடித்துக்கொண்டு பார்ப்பது குற்றம். ஓட்டும்போது வழி பார்க்க மட்டும், கவனம் சிதறாதபடி போனைப் பயன்படுத்தலாம் என்று 2020 அக்டோபர் முதல் விதி இருக்கிறது. குரலைத் தமிழுக்கு மாற்றி, எஞ்சின் சத்தத்துக்கு மேல் கேட்கும்படி வையுங்கள். கேட்டு ஓட்ட வேண்டும், பார்த்து ஓட்டக் கூடாது.

விலை குறைந்த போன்கள் பலவற்றில் திசைகாட்டும் சென்சார் இருக்காது. வண்டி நின்றால் அம்பு தன்னிஷ்டத்துக்குச் சுற்றும். ஜங்ஷனில் நின்று கிளம்பும்போது அம்பைப் பார்த்துத் திரும்பினால் தப்பாகும், ஐம்பது மீட்டர் நகர்ந்த பிறகுதான் அது சரியாகும். கேரளத்தில் இருக்கும் குதிரான் போன்ற சுரங்கத்துக்குள் சிக்னல் இருக்காது, வெளியே வந்ததும் தானாகப் பிடிக்கும்.

காட்டுப் பகுதியில் டேட்டா போய்விடும். ஜி.பி.எஸ்.ஸுக்கு டேட்டா தேவையில்லை, வரைபடத்துக்குத்தான் தேவை. போகும் மாவட்டங்களின் ஆஃப்லைன் மேப்பை வைஃபையில் முன்பே இறக்கி வையுங்கள். டேட்டா இருக்கும் இடத்திலேயே நேவிகேஷனைத் தொடங்கிவிடுங்கள். தொடங்கிய வழி சிக்னல் போனாலும் ஓடிக்கொண்டிருக்கும். வழி தவறினால் மட்டும் ஆஃப்லைன் மேப் கைகொடுக்கும், அப்போது நெரிசல் விவரம் வராது.

லாரிக்கென்று விற்கும் கருவி பற்றி. கார்மின், டாம்டாம் போன்றவை ஐரோப்பா, அமெரிக்காவில் அப்படிக் கருவிகள் விற்கின்றன. உயரம், எடை, நீளம் கொடுத்தால் தாழ்ந்த பாலத்தைத் தவிர்த்து வழி போடும். அவை அங்கே வேலை செய்வதற்குக் காரணம், பாலத்துக்குப் பாலம் உயரமும் எடை வரம்பும் பதிவாகி இருப்பதுதான். நம் ஊரில் அந்தத் தகவல் மேப்பில் ஏறாதவரை விலை கொடுத்து வாங்குவதில் பலன் குறைவு. இலவசமாகப் பார்க்க வேண்டுமென்றால் ஓஎஸ்எம்அண்ட் ஆப்பில் லாரிக்கென்று தனி வகை இருக்கிறது. உயரம், அகலம், நீளம், எடை கொடுக்கலாம், ஆஃப்லைனிலும் ஓடும். அது ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தை வைத்து ஓடுகிறது. அந்த வரைபடத்தில் யார் வேண்டுமானாலும் திருத்தலாம். உங்கள் ஊர் ரயில்வே சப்வேயின் பலகையில் எழுதியிருக்கும் உயரத்தை நீங்களே ஏற்றலாம், அப்படி ஏற்றியவைதான் அதில் இருக்கும். அதனால் அது வழி காட்டினால் சரி என்று அர்த்தமில்லை. அது தவிர்த்தால் மட்டும் ஏன் என்று பாருங்கள்.

ஓனர்கள் வண்டியில் பொருத்தும் டிராக்கரையும் இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். ஏ.ஐ.எஸ். 140 தரத்தில் வரும் அந்தக் கருவி வண்டி எங்கே இருக்கிறது என்று வெளியே சொல்லும், டிரைவருக்கு வழி சொல்லாது. அபாயகரமான சரக்கு ஏற்றும் வண்டிகளுக்கு அது கட்டாயம். ஆனால் அதில் ஒரு பயன் உண்டு. வண்டி முடிவு செய்த வழியை விட்டு விலகுவது ஆபீஸில் தெரியும், உடனே போன் போடலாம்.

அப்படி விலகிவிட்டால் என்ன செய்வது? முதல் காரியம், மேப் சொல்லும் யூ-டர்னை எடுக்காதீர்கள். பெரும்பாலான வண்டிகள் முதல் தப்பைச் சரிசெய்யப் போய்ச் செய்யும் இரண்டாவது தப்பில்தான் மாட்டுகின்றன. அதே சாலையில் நேராகப் போய் பெட்ரோல் பங்க், தாபா, எடைமேடை என்று விசாலமான இடம் வந்ததும் நிறுத்தி, கிடைக்கும் உள்ளூர் லாரிக்காரரிடம் "பதினாலு வீல் திரும்புமா" என்று கேளுங்கள். குறுகிய சாலைக்குள் ஏற்கெனவே நுழைந்துவிட்டால், முன்னால் போனால் அகலம் வரும் என்று நம்பிப் போகாதீர்கள். நுழைந்த தூரம் குறைவாக இருக்கும்போதே நிறுத்தி, ஹசார்டு லைட் போட்டு, ஒரு ஆளைப் பின்னால் இறக்கிவிட்டு ரிவர்ஸ் எடுங்கள். பின்னால் நிற்பவர் டிரைவர் பக்கக் கண்ணாடியில் தெரிய வேண்டும், அவர் மறைந்த நொடியில் வண்டி நிற்க வேண்டும். மேலே கம்பி உரசும் என்று தோன்றினால் தார்பாய் மேல் ஏறிக் கம்பால் தூக்கும் வேலை வேண்டவே வேண்டாம். மின்வாரிய ஆள் வரட்டும்.

லோடு இறக்கி முடித்ததும் டிரைவர் ஒரு காரியம் செய்ய வேண்டும். கேட் முன் நின்று இடத்தைச் சேமித்து, கம்பெனி பெயர், எந்தப் பக்கத்திலிருந்து நுழைந்தார், வழியில் தாழ்ந்தது எது, அதன் உயரம் எவ்வளவு என்று நான்கு வரி எழுதி ஆபீஸுக்கு அனுப்பிவிட வேண்டும். அடுத்த மாதம் அதே பார்ட்டிக்கு வேறு டிரைவர் போகும்போது, அந்தப் புள்ளியையும் நான்கு வரியையும் அவருக்கு அனுப்பினால் போதும்.